கொக்கு வெள்ளையாகவே இருக்கிறதா?

தஞ்சாவூர்ப் பக்கம் எடுத்த சம்பா வயல் படத்தில் பச்சையை ஏற்றிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது; கண் பழகிவிடும். போனை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் லைட்ரூம் என்ற படம் திருத்தும் ஆப்பிலோ கூகுள் போட்டோஸ் எடிட்டிலோ படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பழைய படம் தெரியும்; விரலை எடுத்தால் மாற்றியது. அப்போது பயிரை விட்டுவிட்டு வரப்பில் நிற்கும் கொக்கைப் பாருங்கள். இறகில் பச்சை ஏறியிருந்தால் வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை, தவறிவிட்டது. இறகின் வரிகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகியிருந்தால் ஹைலைட்ஸை, அதாவது படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளின் வெளிச்சத்தை, குறையுங்கள். (மாலை வெயில் என்றால் லேசான மஞ்சள் இருக்கட்டும், அது நிஜம்தான்.) கல்லணையில் செம்மண் கலந்து வந்த புதுவெள்ளத்தை ஒருமுறை நீலமாக்கி அனுப்பினேன். “இது எந்த ஊர்க் கடல்?” என்று கேட்டார் சித்தப்பா.