கிளிநொச்சி சேர்வரின் பிரதியை வவுனியாவில் வைப்பது: ட்ரூநாஸ் செய்முறை

2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த காணி உறுதிக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்பே இடப்பெயர்வுகளில் எவ்வளவையோ தொலைத்த சனம் நாங்கள். ஊராரின் உறுதிகள், பழைய படங்கள் என்று நாங்கள் ஸ்கேன் செய்து சேர்த்த 600 ஜிகாபைட்டும் கிளிநொச்சியில் ஒரே அறைக்குள் இருந்தது எனக்கு நித்திரையைக் கெடுத்தது. இப்போது வவுனியாவிலும் ஒரு பிரதி இருக்கிறது. அதைச் செய்த விதம் இது.

ட்ரூநாஸ் என்பது ஒரு கணினியைக் கோப்புகள் சேமிக்கும் சேர்வராக்கும் மென்பொருள். அதை நிறுவி, பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்து ஆக்கும் ஒரே சேமிப்பிடம்) அமைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தெரிவு. உடனடிப் பிரதி என்றால், இரண்டு இடத்திலும் எழுதி முடிந்த பிறகுதான் ‘சேமித்தாயிற்று’ என்ற பதில் வரும். எதுவும் தவறாது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தூரத்துக்காகக் காத்திருக்கும், லைன் விழுந்தால் வேலையும் நிற்கும். பின்தங்கிய பிரதி இங்கே எழுதிவிட்டுப் பிறகு அனுப்பும். இங்கே சேர்வர் பழுதானால், கடைசியாக அனுப்பியதற்குப் பிந்தியது மட்டும் தொலைந்து போகலாம். வங்கிக் கணக்குக்கு முதலாவது தேவைப்படும். எங்களுக்கு இரண்டாவது போதும், ட்ரூநாஸ் செய்வதும் அதைத்தான்.

டேட்டா ப்ரொடெக்‌ஷன் பக்கத்தில் மணிக்கொரு ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு சேர்வருக்கும் இடையே எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு, அதன்மேல் ஸ்னாப்ஷொட்டுகளை அங்கே அனுப்பும் றெப்ளிகேஷன் வேலை. சேருமிடத்தை ‘வாசிக்க மட்டும்’ என்று வையுங்கள். இவை ஐந்து நிமிட வேலை.

முதல் பிரதியை லைனில் அனுப்ப வேண்டாம். எங்கள் அப்லோட் வேகம் 8 மெகாபிட். 600 ஜிகாபைட்டுக்கு இடைவிடாமல் ஓடினாலும் ஏழு நாள். வவுனியாவுக்குப் போக வேண்டிய சேர்வரைக் கிளிநொச்சியிலேயே அதே சுவிட்சில் செருகி, ஒரே இரவில் முடித்தேன். பிறகு துணியில் சுற்றி மடியில் வைத்து ஏ9 பஸ்ஸில் கொண்டுபோனேன். முறிகண்டியில் பஸ் நின்றபோது கச்சான் வாங்கக்கூட இறங்கவில்லை. வவுனியாவில் இணைப்பின் முகவரியை மாற்றினால் சரி, அதன்பின் புதிதாய்ச் சேர்ந்தது மட்டும் போகும்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். மாறியதை மட்டும் அனுப்ப வேண்டுமானால், இரண்டு பக்கத்திலும் ஒரே ஸ்னாப்ஷொட் ஒன்றாவது இருக்க வேண்டும். அதிலிருந்துதான் வித்தியாசம் கணக்கிடப்படும். டிஸ்க்கில் இடம் போய்விடும் என்று பயந்து ஸ்னாப்ஷொட்டின் ஆயுளை மூன்று நாள் என்று வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் லைன் ஐந்து நாள் இல்லை. திரும்ப வந்தபோது, பொதுவாக இருந்த கடைசி ஸ்னாப்ஷொட்டைக் கிளிநொச்சி அழித்துவிட்டிருந்தது. ‘தொடர அடித்தளம் இல்லை’ என்று சிவப்பில் பிழை வந்தது. ‘முதலிலிருந்து அனுப்பு’ என்றொரு தெரிவு இருக்கிறது. அவசரத்தில் அதைத் தொடாதீர்கள். அங்கே இருப்பதை அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கும், முடியும்வரை உங்களிடம் ஒரே பிரதிதான். நான் வேறொரு டிஸ்க்கில் தனிப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, வவுனியா சேர்வரைத் திரும்பவும் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

இப்போது ஆயுள் இரண்டு மாதம். ஸ்னாப்ஷொட் பிடிக்கும் இடம், இடையில் மாறியதும் அழித்ததும் அளவுதான். ஸ்கேன் படங்கள் மாறுவதே இல்லை. ‘அனுப்பாத ஸ்னாப்ஷொட்டைக் காப்பாற்று’ என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: முல்லைத்தீவு வாசகர் ஒருவருக்கு எஸ்எஸ்ஹெச் இணைப்பே கிடைக்கவில்லை. மொபைல் றவுட்டர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. றவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் வழி) திறந்து மினக்கெடுவதைவிட, பொது முகவரி இல்லாமலே இரண்டு சேர்வரையும் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போடுவது எவ்வளவோ மேல்.

இன்னொருவர் கேட்டது: இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியுமா? அழியும். ஆனால் அங்குள்ள பழைய ஸ்னாப்ஷொட்டில் அந்தக் கோப்பு இருக்கும். அதனால் வவுனியாவில் ஆயுளைத் தனியாக ஒரு வருடம் என்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அங்கே ஒரு ஸ்னாப்ஷொட்டை க்ளோன் செய்து (திறந்து பார்க்கக்கூடிய தனி நகலாக்கி), ஏதாவது ஒரு உறுதியைத் திறந்து, நொத்தாரிசின் கையெழுத்துத் தெளிவாகத் தெரியும்வரை பெருப்பித்துப் பார்க்கிறேன்.