மைக்ரோகன்ட்ரோலர் சுற்று இயங்க மறுத்தால்: அளந்து தேடும் முறை

நிரலை ஏற்றி இயக்கும் சிறு கணினிச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்டு அமைத்த சுற்று எதிர்பார்த்தபடி இயங்காதபோது பெரும்பாலோர் முதலில் நிரலைத் திறந்து திருத்தத் தொடங்குகிறார்கள். கண்முன் திரையில் இருப்பதும் எளிதில் மாற்றக்கூடியதும் அதுதான் என்பதைத் தவிர, கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நம்புவதற்கு வேறு காரணம் எதுவும் அவர்களிடம் இருப்பதில்லை. நிரல் ஓட வேண்டுமானால் மின்னழுத்தம், கடிகாரத் துடிப்பு, சிப்பை முதலிலிருந்து தொடங்கச் செய்யும் ரீசெட் முனையின் நிலை ஆகிய மூன்றும் முதலில் சரியாக இருந்தாக வேண்டும். இவற்றுள் ஒன்று தடுமாறினாலும் அதன் விளைவு நிரல் பிழையைப் போலவே தோற்றமளிக்கும். ஆகையால் இம்மூன்றையும் அளந்து உறுதி செய்த பிறகே நிரலுக்குள் நுழைய வேண்டும்; எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிச் சுற்று இயங்கிவிட்டால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

மின்வழங்கல்

மின்னழுத்தத்தை அடாப்டரின் முனையில் அளப்பது போதாது. மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் சிப்பின் மின்வழங்கல் முனையிலும் அதற்கு அருகிலுள்ள கிரவுண்டு முனையிலும் நேரடியாக வைத்து அளக்க வேண்டும், ஏனெனில் இடையிலுள்ள கம்பி, பற்றவைக்காமல் சுற்று அமைக்க உதவும் பிரெட்போர்டின் தளர்ந்த பிடிப்பு, சரியாகப் பற்றாத பற்றவைப்பு ஆகிய ஒவ்வொன்றும் சிறிது மின்னழுத்தத்தை விழுங்கக்கூடியவை. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்தடம் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தனித்தனி மின்மூலங்களைப் பயன்படுத்தும்போது அவற்றின் கிரவுண்டுகளை இணைக்காமல் விடுவது மிகவும் பரவலான தவறு. பொதுவான கிரவுண்டு இல்லாத இரு சுற்றுகளுக்கு இடையே செல்லும் சிக்னலுக்கு நிலையான பொருளே கிடையாது.

மல்டிமீட்டர் 3.3 வோல்ட் என்று காட்டினாலும் நிம்மதியடைய முடியாது. அது காட்டுவது சராசரியை. சில மைக்ரோவினாடிகளுக்கு மட்டும் மின்னழுத்தம் சரிந்து மீள்வதை அது காட்டாது. இஎஸ்பி32 போன்ற சிப்புகள் வைஃபை மூலம் செய்தி அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைத் திடீரென்று இழுக்கின்றன. அதனால்தான் அவற்றுக்குக் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்மூலம் பரிந்துரைக்கப்படுகிறது. மெல்லிய யூஎஸ்பி கேபிளோ வலுவற்ற ரெகுலேட்டரோ இருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து சிப் மறுதொடக்கம் ஆகிறது. வைஃபையைத் தொடங்கும் வரியில்தான் நிரல் நிற்கிறது என்பதால் பழி அந்த வரியின்மேல் விழுகிறது. போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' (மின்னழுத்தச் சரிவு) என்ற சொல் தென்பட்டால் நிரலை மூடி வைத்துவிட்டுக் கேபிளை மாற்றிப் பார்ப்பதே முறை. ஒவ்வொரு மின்வழங்கல் முனைக்கும் மிக அருகில் 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றும், போர்டுக்குப் பொதுவாக 10 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்தேக்கி ஒன்றும் இருப்பது விருப்பத்துக்குரிய அலங்காரம் அன்று. அவை இல்லாத சுற்று சரியாக இயங்கினால் அதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

மோட்டாரோ ரிலேயோ இயங்கும் நேரத்தில் மட்டும் சிப் மறுதொடக்கம் ஆகிறதென்றால், சுருளுக்குக் குறுக்கே தலைகீழ் திசையில் டையோடு இருக்கிறதா, மோட்டாரின் மின்னோட்டம் சிப்பின் கிரவுண்டு கம்பி வழியாகவே திரும்புகிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் தொடர்பாகக் குழப்பம் மிகுந்த நிலை ஒன்று உண்டு. சிப்பின் மின்வழங்கல் கம்பி கழன்றிருந்தும் சிப் அரைகுறையாக இயங்கும். உள்ளீட்டு முனை ஒன்றில் வேறொரு போர்டு மின்னழுத்தம் தந்துகொண்டிருந்தால், அது சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக உள்ளே புகுந்து சிப்புக்கே உணவாகிவிடுகிறது. எல்ஈடி மங்கலாக எரியும், சில செயல்கள் நடக்கும், சில நடக்காது. ஒன்றுக்கொன்று பொருந்தாத அறிகுறிகள் ஒருசேரத் தோன்றினால் இதையே முதலில் ஐயுற வேண்டும்.

கடிகாரமும் ரீசெட்டும்

கடிகாரத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எல்ஈடியை ஒரு வினாடிக்கு ஒரு முறை நிலை மாற்றும் சிறு நிரலும் ஒரு கைக்கடிகாரமும் போதும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பி சிப், உள்ளேயுள்ள 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் இயங்கும்படி ஃபியூஸ்கள் (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்டுகள்) அமைக்கப்பட்டு வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் என்று கருதித் தொகுத்த நிரலை அதில் ஏற்றினால், ஒரு வினாடி என்று எழுதிய காத்திருப்பு 16 வினாடிகளாக நீளும். 9600 என்று வைத்த பாட் வேகம் (சீரியல் தொடர்பில் ஒரு வினாடிக்குச் செல்லும் பிட்டுகளின் எண்ணிக்கை) உண்மையில் 600 ஆகிவிடும். இந்த விகிதத்தைக் கணக்கிட்டாலே பிழை ஃபியூஸ் அமைப்பில் இருப்பது தெரிந்துவிடும். வெளிப்புறப் படிகம் இயங்குகிறதா என்று அலைகாட்டியின் முனையைப் படிகத்தின்மேல் வைத்துப் பார்ப்பதில் ஓர் இடர் உண்டு: அந்த முனையின் கொள்திறனே அலைவை நிறுத்திவிடக்கூடும், சில வேளைகளில் நின்றிருந்த அலைவைத் தொடங்கியும் வைக்கலாம். பல சிப்புகளில் கடிகாரத் துடிப்பை வேறொரு முனைக்கு அனுப்பும் வசதி இருக்கிறது; அங்கே அளப்பதே நம்பத்தக்கது.

ரீசெட் முனையை எதனோடும் இணைக்காமல் விட்டால் அது அருகிலுள்ள கம்பிகளின் இரைச்சலை வாங்கிக்கொண்டு எப்போதாவது சிப்பை மறுதொடக்கம் செய்யும். பெரும்பாலான சிப்புகளில் 10 கிலோஓம் மின்தடை ஒன்றை அங்கிருந்து மின்வழங்கலுக்கு இணைப்பது வழக்கம். ஆனால் ஊகிப்பதைவிட மேலான வழி, மறுதொடக்கத்துக்கான காரணத்தைச் சிப்பையே கேட்பது. ஏறக்குறைய எல்லா மைக்ரோகன்ட்ரோலர்களிலும் கடைசி ரீசெட் எதனால் நேர்ந்தது என்பதைப் பதிவு செய்யும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. மின்சாரம் புதிதாக வந்ததா, மின்னழுத்தம் சரிந்ததா, நிரல் உறைந்தால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமர் காலாவதியானதா, ரீசெட் முனை தாழ்ந்ததா என்பதை நிரலின் தொடக்கத்திலேயே படித்து அச்சிடும் பழக்கம் தேடும் பரப்பை வெகுவாகச் சுருக்கிவிடும். சில பூட்லோடர்கள் (நம் நிரலுக்கு முன் ஓடும் சிறு தொடக்க நிரல்கள்) அந்தப் பதிவை அழித்துவிட்ட பிறகே நம் நிரலுக்கு வழிவிடுகின்றன என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இஎஸ்பி32 தொடங்கும் கணத்தில் சில முனைகளின் நிலையைப் படித்து எவ்வாறு தொடங்குவது என்று முடிவு செய்கிறது. ஜிபிஐஓ 0 என்ற பொதுப் பயன்பாட்டு முனை அப்போது தாழ்ந்திருந்தால் அது நிரலை இயக்காமல் புதிய நிரலை ஏற்கும் நிலைக்குப் போய்விடும். பெரும்பாலான மாட்யூல்களில் ஜிபிஐஓ 12 உயர்ந்திருந்தால் ஃபிளாஷ் நினைவகத்துக்குத் தவறான மின்னழுத்தம் தேர்வாகித் தொடக்கமே தடைபடும். சென்சாரைக் கழற்றினால் போர்டு இயங்குகிறது, மாட்டினால் இயங்குவதில்லை என்றால் சென்சார் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள்.

போர்டுகள் பேசிக்கொள்ளாதபோது

கணினி போர்டையே காணாவிட்டால் டிரைவரைத் தேடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டுமான கேபிளில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை.

சீரியல் தொடர்பில் எதுவுமே வராததும் குப்பை எழுத்துகள் வருவதும் வெவ்வேறு நோய்கள். குப்பை வந்தால் கம்பி சரி, வேகம் தவறு: பாட் அமைப்பையும் மேலே சொன்ன கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். எதுவும் வராவிட்டால் அனுப்பும் முனை எதிர்ப்புறத்தின் பெறும் முனையோடு குறுக்காக இணைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். யூஎஸ்பி சீரியல் அடாப்டரைப் போர்டிலிருந்து கழற்றி, அதன் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒன்றாக இணைத்துத் தட்டச்சு செய்தால் எழுத்துகள் அப்படியே திரும்பி வர வேண்டும். வந்தால் கணினிப் பக்கம் குற்றமற்றது.

சென்சார், திரை போன்றவற்றை இரு கம்பிகளால் இணைக்கும் ஐ2சி தடத்தில் இரு கம்பிகளுக்கும் புல்அப் மின்தடை (கம்பியை மின்வழங்கலோடு இணைத்து உயர் நிலையில் வைக்கும் மின்தடை) அவசியம், 4.7 கிலோஓம் பெரும்பாலும் பொருந்தும். சிப்பின் உள்ளேயுள்ள புல்அப்கள் பல பத்து கிலோஓம் அளவில் இருப்பதால் வேகமான தடத்துக்கு அவை போதா. முகவரியில் நேரும் குழப்பம் இன்னொன்று. சில ஓஎல்ஈடி திரைகளின் பின்புறத்தில் பதினாறடிமான எண்ணில் 78 என்று அச்சிடப்பட்டிருக்கும், நூலகமோ 3சி என்று கேட்கும்; முன்னது படிப்பு-எழுத்து பிட்டையும் சேர்த்த எட்டு பிட் வடிவம், பின்னது ஏழு பிட் முகவரி, ஆக இரண்டும் ஒன்றே. சென்சார் தரவு அனுப்பிக்கொண்டிருக்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் மறுதொடக்கம் ஆனால், சென்சார் தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடியே காத்திருந்து தடத்தை முடக்கிவிடும். தொடக்கத்தில் கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் அனுப்பினால் அது விடுவிக்கும்.

நிரலுக்குள்

இவை அனைத்தும் சரியென்று அளவீடு சொன்ன பிறகு நிரலைக் குற்றம் சாட்டலாம். ஏடிமெகா328பி போன்ற எட்டு பிட் ஏவிஆர் சிப்புகளில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட் மட்டுமே என்பதால் 32767-க்கு மேல் அதில் அடங்காது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டி 60-ஐ 1000-ஆல் பெருக்கி எழுதினால் விடை -5536 ஆகிவிடுகிறது. காத்திருக்கும் செயற்கூறு குறியில்லா 32 பிட் எண்ணாக அதை எடுத்துக்கொள்வதால் நிரல் ஏறக்குறைய 49.7 நாள்கள் காத்திருக்கும், பார்ப்பவருக்கோ அது உறைந்துபோனதாகத் தோன்றும். எண்களில் ஒன்றை லாங் வகையாக அறிவித்தால் இது தீரும். முதன்மை நிரலை இடைநிறுத்தி ஓடும் இன்டரப்ட் செயற்கூறும் முதன்மை நிரலும் பகிரும் மாறிக்கு வோலடைல் என்ற அடைமொழி இல்லாவிட்டால், கம்பைலர் பழைய மதிப்பையே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கம்பைலரின் மேம்படுத்தல் அளவைக் கூட்டினால் மட்டும் நிரல் கெடுகிறது என்பது இதன் அடையாளம். ஏவிஆரில் ஒரு பைட்டுக்கு மேற்பட்ட மாறியைப் படிக்கும்போது இன்டரப்டைச் சற்று நிறுத்தியும் வைக்க வேண்டும், ஏனெனில் பாதி பைட்டுகளைப் படித்த நிலையில் மதிப்பு மாறிவிடலாம்.

ஏடிமெகா328பியில் ராம் 2 கிலோபைட் மட்டுமே. அச்சிடும் வாக்கியங்கள் அதில் இடம் பிடிக்கத் தொடங்கினால் ஸ்டாக் (செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதி) வளர்ந்து மற்ற மாறிகளின்மேல் ஏறிவிடும். தொடர்பற்ற ஒரு வரியைச் சேர்த்ததும் வேறெங்கோ நிரல் கெடுவது இதனால்தான். நேர நுணுக்கம் மிக்க பிழையை அச்சிட்டுத் தேடினால் அச்சிடுவதே நேரத்தை மாற்றிப் பிழையை மறைத்துவிடும். அங்கே பயன்படாத முனை ஒன்றை உயர்த்தித் தாழ்த்தி, முனைகளின் நிலை மாற்றங்களை நேரத்தோடு பதிவு செய்யும் லாஜிக் அனலைசரில் பார்ப்பதே தகும்.

சிப்பை மாற்றிப் பார்ப்பது கடைசி வழி. புதிய சிப் இயங்கிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணாமல், 5 வோல்ட் தாங்காத முனையில் 5 வோல்ட் சிக்னல் ஏதேனும் வருகிறதா, ஏதேனும் ஒரு முனை வரம்புக்கு மேல் மின்னோட்டம் தருகிறதா என்று அளக்க வேண்டும். பழைய சிப்பைக் கெடுத்த அதே கம்பி இப்போது புதியதோடு இணைந்திருக்கக்கூடும்.