மூன்றாவது ஊசியும் மழைக்காலமும்: நம் தோட்டப்புறத்தில் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். 2021-ன் பின்பாதியில் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கோவிட் தடுப்பூசிச் சான்றிதழுக்காகத்தான் வந்தார்கள். மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியில் இருந்து அதை எடுத்து அச்சடித்து, ஐசி (அடையாள அட்டை) அளவுக்கு வெட்டி, லேமினேட் செய்து கொடுத்தேன். மெஷின் சூடாக ஐந்து நிமிடம் ஆகும். மிஸ்ஸியிடம் (செவிலியரிடம்) கேட்காத கேள்வியெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் என்னிடம் வந்துவிடும்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால், கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்ஸிகளிடமும் டாக்டரிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இதை எழுதியபோது 2022 பிறந்திருந்தது. பொங்கலும் தைப்பூசமும் அடுத்தடுத்து வந்தன, மழை இன்னும் முழுதாக விட்டிருக்கவில்லை. மேல்நாடுகளில் குளிர்காலத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் உட்காருவதால் தொற்று ஏறுகிறது என்கிறார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லையே தவிர, மழை அதே வேலையைத்தான் செய்கிறது. கோவிட் கிருமியின் ஓமிக்ரோன் வகை நம் நாட்டில் முதலில் உறுதியானதும் தூரத்தில் எங்கோ இல்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில், பக்கத்து ஈப்போவில் படிக்க வந்த ஒரு வெளிநாட்டு மாணவரிடம்தான்.

நம் ஆட்கள் ஊசியை எதிர்ப்பவர்கள் இல்லை. நான் பார்த்த வரையில் எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான். பயத்தையும் நோயையும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வது.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐசியை அவிழ்த்து நீட்டி, "ரெண்டு ஊசியும் போட்டாச்சும்மா, அட்டை அடிச்சுக் குடு" என்றார். மைசெஜாத்ராவில் பார்த்தால் ஒரே ஒரு ஊசிதான் இருந்தது. மெதுவாகக் கேட்டேன். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு இரவு காய்ச்சலும் கை வலியும் இருந்ததாம். இரண்டாவது தேதிக்கு மகன் மோட்டாரில் கொண்டுவந்து ஊசி போடும் டேவான் (மண்டபம்) வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். பாட்டி உள்ளே போகாமல், பின்பக்கமாகச் சுற்றி வந்து, பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு போய்விட்டார். மகனுக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பயத்தைச் சுமந்திருக்கிறார். மறுநாள் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். மிஸ்ஸி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முதலில் இருந்து ஆரம்பிக்கவும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாமாம். இதே நிலையில் நம் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில்) இன்னும் சிலர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்.

பசியாறாமல் போவதும், மருந்தை நிறுத்துவதும்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஒரு வரக்காப்பியோடு கிளம்பிவிடுவார்கள். வேலை முடித்து, குளித்து, அப்படியே ஊசிக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். தைப்பூச விரதம் இருப்பவர்களும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். ஊசியைப் பார்த்த பயமும் பசியும் சேர்ந்தால் தலை சுற்றத்தான் செய்யும். ஒருவர் மயங்கினால் போதும், "ஊசி போட்டதும் விழுந்துட்டாராம்" என்று சாயங்காலத்துக்குள் நாலு தோட்டத்துக்குச் செய்தி போய்விடுகிறது. பசியாறிவிட்டுப் போங்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். விரதக்காரர்கள் பழமும் பாலுமாவது சாப்பிடலாம். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் உட்காரச் சொல்வது சடங்குக்காக இல்லை. கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், வந்தால் உடனே மருந்து கொடுக்க ஆள் இருக்கும். முன்பு எந்த ஊசிக்காவது மருந்துக்காவது உடம்பு வீங்கியது, மூச்சு அடைத்தது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களை 30 நிமிடம் வைத்திருப்பார்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று, ஊசி நாளில் இனிப்பு நீர் (நீரிழிவு) மருந்தையும் ரத்தக் கொதிப்பு மருந்தையும் நிறுத்துவது. யார் கிளப்பிவிட்ட பேச்சோ தெரியவில்லை, மூன்று நாள் மாத்திரை போடாமல் இருந்துவிட்டு ஊசிக்குப் போன ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். அங்கே ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமான மருந்தை வழக்கம்போல் சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு, ஊசி குத்திய இடத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இனிப்பு நீரும் இதயக் கோளாறும் உள்ளவர்களைத்தான் கோவிட் கடுமையாகத் தாக்குகிறது. "எனக்கு வியாதி இருக்கு, அதனால ஊசி வேண்டாம்" என்பது தலைகீழான கணக்கு.

பனடோல் (பாராசிட்டமால்) பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சல் வருமோ என்று முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போடலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும்.

காய்ச்சல் எல்லாம் ஊசிக் காய்ச்சல் இல்லை

இந்த மழைக்காலத்தில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஊசியால் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தொண்டை வலி, இருமல், மூக்கில் நீர் வடிவது, வாசனை போவது எல்லாம் ஊசியால் வருவதில்லை. அவை வந்தால் மருந்துக்கடையில் சோதனைக் கருவி வாங்கிப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் அதன் விலை 20 வெள்ளிக்குள்தான் (ரிங்கிட்) இருந்தது.

ஆனால் சோதனையில் கோவிட் இல்லை என்று வந்ததும் "அப்ப சரி, ஊசிக் காய்ச்சல்தான்" என்று படுத்துவிடுகிறோம். அங்கேதான் டிங்கி (டெங்கு) நம்மை ஏமாற்றுகிறது. மழை விட்டு விட்டுப் பெய்யும்போது பூச்சட்டியிலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீர் போதும் ஏடிஸ் கொசுவுக்கு. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத அசதி, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான். காய்ச்சல் என்னவென்று தெரியாத நிலையில் ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும்.

எலிக் காய்ச்சலும் இருக்கிறது. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமே இல்லை. அதன் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள கீறல் வழியாகக் கிருமி ஏறுகிறது. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் அக்காமார்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும், முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகமும் கெடும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே குணப்படுத்திவிடும். ஆகவே கிளினிக்கில் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், தோட்டத்தில் வேலை செய்வதையும் எந்தத் தண்ணீரில் இறங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலை எந்தப் பெயர் சொல்லியும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

"ரெண்டு போட்டாச்சு, மூணாவது எதுக்கு?"

நம் பக்கத்தில் நிறையப் பேர் போட்டது சினோவேக். அது செயலிழக்க வைத்த முழுக் கிருமியைக் கொண்டு செய்தது. பழைய முறை, பாதுகாப்பான முறை. எந்த ஊசி தந்த எதிர்ப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது, வயதானவர்களுக்கு இன்னும் வேகமாகக் குறைகிறது. 2021 பிப்ரவரி 24-ல் அப்போதைய பிரதமர் முகிடின் யாசினுக்கு ஊசி போட்டு இந்தத் திட்டம் தொடங்கியபோது இரண்டு ஊசி போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கிருமி மாறியது, அதனால் கணக்கும் மாறியது. 2022 தொடக்கத்தில், இரண்டாவது ஊசி முடிந்து மூன்று மாதம் ஆன வயது வந்தவர்கள் மூன்றாவதைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. சினோவேக் போட்டவர்களும் 60 வயது தாண்டியவர்களும் மூன்றாவதையும் போட்டால்தான் முழுத் தடுப்பூசி பெற்றவர் என்ற நிலை நீடிக்கும் என்று அரசு அப்போது அறிவித்திருந்தது.

"சினோவேக்கோட பைசரைக் கலந்தா உடம்புக்குள்ள சண்டை போடாதா?" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. பைசர் ஊசியில் கிருமி இல்லை. கிருமியின் வெளிமுள்ளை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்லும் ஒரு குறிப்புதான் இருக்கிறது. உடம்பு அந்த முள்ளைச் செய்து, அடையாளம் பார்த்து வைத்துக்கொள்கிறது. குறிப்பு சில நாளில் கரைந்துவிடும், மரபணு இருக்கும் அறைக்குள் அது போவதே இல்லை. ஒரே திருடனின் அடையாளத்தை இரண்டு விதமாகக் காட்டுகிறோம், அவ்வளவுதான். மாடு, பன்றி எதுவும் பைசரில் சேர்க்கப்படவில்லை. சைவக்காரர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை தங்காது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. மாதவிலக்கு ஓரிரு நாள் முன்பின்னாகலாம், பிறகு பழையபடி ஆகிவிடும். கர்ப்பிணிகள் ஊசியைத் தவிர்க்கத் தேவையில்லை. கர்ப்பத்தில் கோவிட் வந்தால் அது கடுமையாகும் வாய்ப்புதான் அதிகம்.

சரி, ஊசியால் எதுவுமே வராதா? வரும், மிக அரிதாக. அதை மறைப்பதும் தவறு. பைசர் போட்ட இளவயது ஆண்களில் மிகச் சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வருவதுண்டு. ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பந்து விளையாட்டு, கனமான செம்பனைக் குலை தூக்குவது போன்றவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். பெரும்பாலோர் சிகிச்சையில் தேறிவிடுகிறார்கள். கோவிட் வந்தாலும் இதே வீக்கம் வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஊசி போட்ட இரண்டு வாரத்தில் ஒருவர் இறந்த வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு "நான்தானே போகச் சொன்னேன்" என்று அழுதார். இறந்தவருக்கு முன்பே இரண்டு முறை மாரடைப்பு வந்திருந்தது. அந்த அம்மாவிடம் புள்ளிவிவரம் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் அந்த வீட்டின் துக்கத்தைக் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவர்கள் செய்தது பெரிய தவறு. அதைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் என் கடைக்கே வந்தார்கள்.

நிலவேம்பும் மாட்டு மருந்தும்

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், மிளகு ரசம், மஞ்சள் பால் எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் அவை ஊசியின் இடத்தை நிரப்பாது. இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் கஷாயம் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் சட்டியைப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மாடு, ஆடு வளர்க்கும் வீடுகளில் ஐவர்மெக்டின் இருக்கிறது, பூச்சி மருந்தாக. அதைக் கோவிடுக்குக் குடிக்கலாம் என்று ஒரு செய்தி சுற்றியது. நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே 50 வயது தாண்டிய ஏறக்குறைய 500 நோயாளிகளிடம் இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நோய் கடுமையாவதை அது தடுக்கவில்லை. மாட்டின் எடைக்கு அளந்த மருந்து மனித உடம்பில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். மழையில் நனைந்த முகக்கவசம் பயன்படாது, பிளாஸ்டிக் பையில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டிலும் பொங்கல் வீட்டிலும் சாரல் அடித்தாலும் ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். சான்றிதழைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அதில் உங்கள் ஐசி எண் இருக்கிறது.

கூலி போய்விடும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. நாள் சம்பளக்காரருக்கு ஒரு நாள் படுத்தாலும் அடுப்பில் தெரியும். முடிந்தால் சனிக்கிழமை மதியத்துக்குத் தேதி கேளுங்கள், ஞாயிறு ஓய்வெடுக்கலாம். பெரட்டில் (காலை வருகைப் பதிவில்) மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காய்ச்சல் வந்தால் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வாங்குங்கள்.

கைப்பேசி இல்லாதவர்கள், பதிவு செய்யத் தெரியாதவர்கள், பாதியில் விட்டவர்கள், ஐசியை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். தேதி பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். அந்தப் பாட்டிக்கு மூன்றாவது ஊசி மார்ச் மாதம். கடை நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.