பழைய பிரெஞ்சுச் சொல்லின் லத்தீன் வேரைத் தேடுவது எப்படி?

ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் மூன்றும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல்லை நாமே தேடிப் பிடிப்போம். லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: இன்றைய வடிவத்தைப் பாருங்கள். பிரெஞ்சில் ‘ஓத்தெல்’ என்று எழுதும்போது ‘ஓ’ எழுத்தின் தலையில் தொப்பி போல ஒரு குறி இருக்கும். பெரும்பாலும் அது ‘ஸ்’ மறைந்துபோன இடம். பிரெஞ்சு அகாதெமியின் 1740 அகராதியில்தான் இந்த வழக்கம் பரவலாக இடம்பெற்றது. ‘ஸ்’ஸைத் திரும்ப வைத்தால் பழைய பிரெஞ்சு வடிவம் கிடைத்துவிடும்: ஒஸ்தெல்.

படி 2: அகராதி. ‘த்ரெஸோர் ட லா லாங் ஃபிரான்ஸேஸ்’ இணையத்தில் இலவசம். சொற்பிறப்புப் பகுதிக்கு நேராகப் போங்கள். அங்கே ‘ஹோஸ்பிதாலே’ என்ற லத்தீன் சொல் இருக்கும். இப்படிப்பட்ட அகராதிகளில் சொல்லுக்கு முன் நட்சத்திரக் குறி வந்தால், அது ஏட்டில் கிடைக்காத, ஆய்வாளர்கள் ஊகித்து மீட்ட வடிவம்.

படி 3: ஒலிகளைச் சரிபாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சாயல் ஒத்துப்போவது மட்டும் போதாது, ஒவ்வொரு ஒலிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ‘ஹோஸ்பிதாலே’யில் அழுத்தம் ‘தா’வில் விழுகிறது. முதலில் வரும் ‘ஹ’ லத்தீன் பேச்சிலேயே தேய்ந்துவிட்டது. அழுத்தத்துக்கு முன்னால் நடுவில் மாட்டிய ‘இ’ விழுந்தது. அப்புறம் ‘ஸ்ப்த்’ என்று மூன்று மெய்கள் நெருக்க, ‘ப்’ நசுங்கிப் போனது. கடைசி ‘ஏ’யும் உதிர்ந்தது. மிஞ்சியது ‘ஒஸ்தால்’. அழுத்தம் பெற்ற ‘ஆ’ பிரெஞ்சில் ‘எ’ ஆகும். கடலைக் குறிக்கும் ‘மாரே’ பிரெஞ்சில் ‘மெர்’ ஆனதும் அப்படித்தான். ஆக, ஒஸ்தெல்!

படி 4: உறவு மொழியைக் கேளுங்கள். தென் பிரான்சின் ஆக்ஸித்தான் மொழியில் வீட்டுக்கு ‘ஒஸ்தால்’ என்று பெயர். அங்கே ‘ஆ’ மாறவில்லை. நம் கணக்கு சரிதான்.

படி 5: பொருள். ‘ஹோஸ்பெஸ்’ என்றால் லத்தீனில் விருந்தாளி, விருந்தளிப்பவர் இருவருமே. ‘ஹோஸ்பிதாலே’ விருந்தினர் தங்கும் இடம். ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் இடம் தந்த இல்லங்கள் நோயாளிகளையும் ஏற்றதால் மருத்துவமனை என்ற பொருள் வந்தது. பாரிஸின் பழைய மருத்துவமனைக்குப் பெயர் ‘ஓத்தெல் தியூ’, கடவுளின் இல்லம்.

ஹாஸ்பிடலில் மட்டும் ‘ப்’ எப்படித் தப்பியது? அது மக்கள் வாயில் தேயாமல், ஏட்டு லத்தீனிலிருந்து படித்தவர்கள் பின்னால் எடுத்துக்கொண்ட வடிவம். ‘ஹாஸ்டல்’ பழைய பிரெஞ்சிலிருந்து ‘ஸ்’ மறையும் முன்பே ஆங்கிலத்துக்குப் போனது. ‘ஹோட்டல்’ அது மறைந்தபின் போனது.

இனி உங்கள் முறை: ஜன்னலைக் குறிக்கும் ‘ஃபெனேத்ர்’. அதிலும் தொப்பி உண்டு.