பைனாகுலரோடு ஏரிக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பரில் ஏரிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் வேடந்தாங்கல் கரையில் புதுமுகங்கள் கூடிவிடும். பள்ளிக்கரணையிலும் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். ஆசையோடு வருகிறார்கள், ஒரு மணி நேரம் நிற்கிறார்கள், "தூரத்துல வெள்ளையா ஏதோ உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டீக்கடையைப் பார்த்து நடக்கிறார்கள். பறவைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அதே நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள், குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது; அதை விட்டுவிடலாம்.

பத்தரை மணிக்கு வந்து சேர்வது

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் ஏறக்குறைய 80 கி.மீ. வீட்டில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பத்தரை ஆகிவிடும். அதற்குள் நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் இரை தேடி வயல்களுக்கும் பக்கத்து ஏரிகளுக்கும் போயிருக்கும். கூட்டில் இருப்பவை வெயிலுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று தூரக் காட்சியை நெளிய வைக்கும். எவ்வளவு நல்ல பைனாகுலர் வைத்திருந்தாலும் அந்த நெளிவைச் சரிசெய்ய முடியாது. காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலிலிருந்து ஆறு. இந்த இரண்டு வேளைதான். மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரத்தில் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் ஒரே கறுப்பு உருவமாகத்தான் தெரியும்.

ஜூனில் போவது

ஏரி காய்ந்து கிடக்கும். போகாதீர்கள்.

பெரிய எண்ணைப் பார்த்து பைனாகுலர் வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது, பணமும் போகிறது. கரையில் ஒருவர் 20×50 வைத்திருப்பார். பக்கத்திலேயே 10 முதல் 30 வரை ஜூம் ஆகும் ஒன்றை இன்னொருவர் கழுத்தில் மாட்டியிருப்பார். ஆன்லைனில் "சக்தி வாய்ந்தது" என்று போட்டிருந்ததாம். அந்த ஜூம்காரர் கூழைக்கடாவைத் தேடித் தேடி மரக்கிளையையும் வானத்தையும் மட்டுமே பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்துப் பையனின் எளிய 8×40 ஐ இரவல் வாங்கிப் பார்ப்பார். முதல் தடவையாக அந்தப் பறவையின் அலகுக்குக் கீழே தொங்கும் பை அவருக்குத் தெரியும்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு என்றால் பறவை மட்டும் 20 மடங்கு ஆகாது, உங்கள் கை நடுக்கமும் 20 மடங்கு ஆகும். ட்ரைபாட் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்க 10 மடங்குக்கு மேல் சரிப்படாது. 8 இன்னும் வசதி.

அடுத்தது வெளிச்சம். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×42 என்றால் 42 ஐ 8 ஆல் வகுத்து 5.25, 20×50 என்றால் 50 ஐ 20 ஆல் வகுத்து 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது, மில்லிமீட்டரில். நடுப்பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருப்பதால் கடை வாசலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கேதான் ஏமாறுகிறார்கள். விடியற்காலையிலும் அந்தியிலும் கண்மணி விரியும், அப்போது 2.5 மி.மீ. கற்றை போதாது, காட்சி இருண்டுவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதே அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது, காட்சியின் அகலம். ஒரு சராசரி 8×42 இல் 1,000 மீட்டர் தொலைவில் 120, 130 மீட்டர் அகலம் தெரியும். 20 மடங்கில் அது பாதிக்கும் கீழே போய்விடும். பறக்கும் நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தை அந்தச் சந்துக்குள் பிடிப்பது நடக்காத காரியம். ஜூம் வகையில் இதோடு இன்னொரு கோளாறு: மடங்கை மாற்றும்போது இரண்டு குழல்களும் ஒரே அளவில் நகராமல் போகலாம், கண் இரண்டு காட்சிகளை ஒட்டவைக்கப் பாடுபடும், அரை மணியில் தலைவலி வந்துவிடும். பளபளவென்று சிவப்பாக மின்னும் கண்ணாடியையும் தவிருங்கள். சிவப்பை வெளியே திருப்பி அனுப்புவதால்தான் அது சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே பார்த்தால் எல்லாம் பச்சை பூத்திருக்கும்.

வாங்க வேண்டியது 8×40 அல்லது 8×42. பட்ஜெட் குறைவென்றால் குழல் வளைந்து பழைய பாணியில் இருக்கும் போரோ வகையே மேல். அதே விலையில் நேர்குழல் வகையைவிடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் "ஐ ரிலீஃப்" (முழுக் காட்சியும் தெரியக் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் காட்சியின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுவட்டம் மட்டும்தான் தெரியும்.

கடையில் மூன்று சோதனை செய்யலாம். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி கண் பக்கக் கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கவனியுங்கள். நல்ல வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் மழுங்கிச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ப்ரிஸம் மட்டமானது. அடுத்து வெளியே போய் ஒரு மின்கம்பியைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்கினால் இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் ஓட வேண்டும். படி இறங்கினால் வேண்டாம். கடைசியாக, வானத்தின் பின்னணியில் ஒரு கம்பத்தின் விளிம்பு. ஊதா நிறக் கோடு தடிமனாகப் படிந்திருந்தால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு கண்ணுக்குச் சரிசெய்யாமல் விடுவது

நல்ல பைனாகுலரையே "மங்கலா இருக்கு" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். முதலில் நடுக்கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்க வேண்டும், போடாதவர்கள் வெளியே ஏற்ற வேண்டும். பிறகு வலது குழலை உள்ளங்கையால் மூடி, இடது கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது இடதை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பாருங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண் பக்கத்தில் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்தக் குறியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் எதைப் பார்த்தாலும் நடுச்சக்கரம் ஒன்றுதான் வேலை.

பறவையைப் பைனாகுலரால் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் கண்டுபிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

வேட்டியிலும் சட்டை நுனியிலும் துடைப்பது

தூசியில் மணல் இருக்கும், கண்ணாடியின் மேல்பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதித் தட்டுங்கள், பிறகுதான் துணி. தோல் பைக்குள் பூட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்கு

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் பார்க்காமலே பெயர் சொல்லிவிடுகிறார்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். கரையோரம் ஒன்று நின்றால் சற்றுப் பொறுங்கள்: ஒற்றைக் காலைச் சேற்றுக்குள் விட்டு அதிர அதிர ஆட்டும், கலங்கி வெளியே ஓடும் சிறு மீனை அப்படியே கொத்தும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டின் கூடவே திரியும். மடையான் உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். பறந்தால் திடீரென்று வெள்ளை. புதியவர்கள் அதை இரண்டு பறவை என்று எழுதிவைப்பார்கள். நத்தைகுத்தி நாரை கொஞ்சம் அழுக்கு வெள்ளை, அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். பாம்புத்தாராவை அதன் கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் என்று தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அலகு, கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றையும் சேருங்கள். செல்போன் செயலி சொல்லும் பெயரை அதற்குப் பிறகு பாருங்கள்.

கூட்டைக் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பது

கைதட்டினால் பறக்கும், படம் நன்றாக வரும் என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பறவை எழுந்த மறுநிமிடம் கூட்டுக்குஞ்சின் மேல் நேர் வெயில் விழும், காகமும் பருந்தும் காத்திருக்கும். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இதே ரகம்தான். எதிரி வந்துவிட்டது என்று அது இரையை விட்டு அலையும்.

வெட்டவெளியில் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் அப்படியே நின்று காலடியைப் பாருங்கள். அது கூடு கட்டாது. தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகள், பெரும்பாலும் நான்கு இருக்கும். வந்த வழியே திரும்புங்கள்.

சத்தம் போடாதே என்று கிராமத்துக்காரர் யாராவது அதட்டினால் கோபப்படாதீர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் பல தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காப்பது வேடந்தாங்கல் ஊரார். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

சரணாலயம் போனால்தான் பறவை என்று நினைப்பது

தெருமுனை ஆலமரம் போதும். பழம் பழுக்கும் நாட்களில் குக்குறுவானும் குயிலும் அங்கேயே இருக்கும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும், மொட்டைமாடியும் செல்லும்.

குழந்தைக்குப் பெரியவர்களின் பைனாகுலர்

பல 42 மி.மீ. மாடல்களில் இரு கண்ணாடிகளுக்கும் இடையே 56 மி.மீ.க்குக் கீழே கீல் மடங்காது. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கண்கள் அதைவிட நெருக்கமாக இருக்கலாம். அப்படியானால் அது ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும், கனத்தில் கையும் வலிக்கும், ஐந்து நிமிடத்தில் செல்போனைக் கேட்கும். 6×30 போன்ற சின்னது வாங்குங்கள், வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிப்போய் "ஒரு வட்டம் தெரியுதா, ரெண்டு தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.