வேதபாட வகுப்பில் சேரும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைகளில் நடக்கும் மாலை நேர வேதபாட (பைபிள்) வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். வயல் வேலையை முடித்துக்கொண்டு வரும் விவசாயி, கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர், அங்கன்வாடிப் பணியாளர், வேளாங்கண்ணிச் சாலையில் கடை வைத்திருப்பவர், ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் இளம்பெண் என்று எல்லாத் தரப்பினரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கங்களில் இத்தகைய குழுக்களை நடத்திவரும் நான், எங்கள் தலைமுறை மாணவர்களாக இருந்தபோது செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை தவறாமல் செய்வதைப் பார்க்கிறேன். தாமதமாக வருவது, நோட்டை மறந்துவிட்டு வருவது போன்றவற்றைப் பற்றி எழுதத் தேவையில்லை. அவை நாளடைவில் சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொன்னாலன்றிச் சரியாகாத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் செய்ய வேண்டிய பாடத்தை வகுப்பில் வந்து நிரப்புவது

வேலையையும் குடும்பத்தையும் விட்டு இறையியல் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்காகவே இந்த வகுப்பு முறை உருவானது. 1963இல் குவாத்தமாலா நாட்டில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி, மாணவர்களைத் தன்னிடம் வரவழைப்பதை விட்டுவிட்டு அவர்கள் வாழும் ஊர்களுக்கே பாடத்தைக் கொண்டுபோனது. 1971இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட டாஃப்டி (TAFTEE) என்னும் இறையியல் கல்வி அமைப்பு அதே முறையை நம் நாட்டில் பரப்பியது. வாரம் முழுவதும் வீட்டில் தனியாகப் படிப்பது, வாரத்தில் ஒரு நாள் கூடிப் பேசுவது, படித்ததைச் சபையிலும் தெருவிலும் செய்து பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்தக் கல்வி. முதல் பகுதியைச் செய்யாமல் வருகிறவர், பக்கத்தில் இருப்பவரின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து விடைகளை எழுதிக்கொள்கிறார். விடை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் அவருக்கும் வேதப்பகுதிக்கும் இடையே எந்தப் பேச்சும் நடக்கவில்லை. கூடிப் பேசும் நேரத்தில் அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் அதுவே காரணம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். மாடு கறக்கும் முன்போ பின்போ, ஒரே நேரத்தை ஒதுக்கி, வீட்டாரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குவது

வேண்டாம். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரங்கள்தாம்.

பேசுகிறவர் யார் என்று பாராமல் வசனத்தை எடுப்பது

என்னை இன்றுவரை கோபப்படுத்துகிற தவறு இதுதான். இதைப் பற்றி நான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் வட்டாரங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வைத்து வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. சில வாரங்கள் கழித்து, வகுப்பு மாணவர்கள் சிலரோடு கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு வீடு சந்திக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் தோப்பு முழுவதும் போயிருந்தது. அதோடு சுவர் இடிந்து விழுந்து மூத்த மகனும் இறந்திருந்தான். கூரைக்குப் பதிலாக நிவாரணத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். எங்களோடு வந்திருந்த இளைஞர், நல்ல மனமுள்ளவர், நூற்றுக்கணக்கான வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், எழுந்து நின்று யோபு 8:7ஐ உரத்த குரலில் சொன்னார்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." பிறகு அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

இறந்தவனின் பாட்டி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய வேதப்புத்தகம் மழையில் நனைந்து காய்ந்ததில் இரண்டு மடங்கு பருத்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவர் அதை மடியில் வைத்து, நகத்தால் மெதுவாகத் தாள்களைப் பிரித்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, இளைஞரிடம் நீட்டினார். "தம்பி, அது பில்தாத் சொன்னதுப்பா. நாலாவது வசனத்தையும் சேத்து வாசி" என்றார்.

இளைஞர் வாசிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்த நான்காம் வசனத்தில், யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதரில் ஒருவனான பில்தாத், யோபுவின் பிள்ளைகள் பாவம் செய்ததனால்தான் ஆண்டவர் அவர்களை அதற்கேற்ற நிலைக்கு ஒப்புக்கொடுத்திருப்பார் என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். யோபுவின் பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்பதை முதல் அதிகாரம் சொல்கிறது: பெருங்காற்று அடித்து, வீட்டின் நான்கு மூலைகளும் மோதுண்டு, வீடு அவர்கள்மேல் விழுந்தது. புயலில் சுவர் விழுந்து மகனை இழந்த ஒரு வீட்டில் அந்த எட்டாம் அதிகாரத்தைத்தான் எங்கள் மாணவர் ஆறுதல் என்று எடுத்துப் போயிருந்தார். பாட்டியின் மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் புறப்படும் வரை வெளியே வரவில்லை. அந்தப் பெண் ஆலயத்துக்கு வருவதையே வெகு காலம் நிறுத்தியிருந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இந்த வசனம் நம் சபைகளில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவனைக் குறித்து ஆண்டவர் என்ன சொன்னார் என்பது அதே புத்தகத்தின் 42ஆம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் இருக்கிறது. யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று எலிப்பாசையும் பில்தாத் உட்பட அவனுடைய இரண்டு சிநேகிதரையும் அவர் கடிந்துகொள்கிறார். யோபுவோ அதற்கு வெகு முன்பே, 16ஆம் அதிகாரத்தில், இவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று சொல்லிவிடுகிறான். வேதத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஆண்டவர் நம்மிடம் சொல்லும் வாக்கு என்று எடுத்துக்கொண்டால், தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவைச் சோதித்தபோது 91ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டிய பிசாசின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒருவர் கை தூக்குவார். யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது என்று 42ஆம் அதிகாரமே சொல்கிறதே, அப்படியானால் பில்தாத் சொன்னது பலித்துவிட்டதல்லவா என்று கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் பில்தாத் தன் பேச்சில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். ஆறாம் வசனத்தைப் பாருங்கள். நீ சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் இப்படியெல்லாம் நடக்கும் என்கிறான். யோபு உத்தமனும் சன்மார்க்கனுமாய் இருந்தான் என்பதைப் புத்தகத்தின் முதல் வசனமே நமக்குச் சொல்லிவிட்டது. ஆகவே, கேட்கிற காதுக்கு ஆறுதல்போல ஒலிக்கும் அந்த வாக்கியம், உள்ளுக்குள் ஒரு குற்றச்சாட்டைச் சுமந்து வருகிறது. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குற்றச்சாட்டு மிகத் தெளிவாகக் கேட்கும்.

எனக்குக் கோபம் வருவது அந்த இளைஞர்மேல் இல்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவர் இதே வசனத்தை இரங்கல் அட்டையில் எழுதிக்கொண்டு வருகிறார். நாம் அவர்களுக்கு வசனங்களை உதிரி உதிரியாகவே கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்கிறோம். எரேமியா 29:11இல் உள்ள "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" யாருக்காவது நிச்சயம் கிடைக்கும். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிற வரி. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தான். அவனைப் போன்றவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்லவும்தான் எரேமியா எழுதுகிறான். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதே அந்தக் கடிதம் சொல்லும் வேலை. இந்த வருஷமே வீசா வந்துவிடும் என்பதற்கு அத்தாட்சியாக அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர், எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சை வைத்துவிடுகிறார்.

வாக்குத்தத்தத்தை எங்களிடமிருந்து பறித்துக்கொள்கிறீர்களே ஐயா என்று ஒரு சகோதரி வருத்தப்பட்டுக் கேட்டார். கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கச் சொன்னேன். சாய்ந்த தோப்பில் மறுபடியும் தென்னம்பிள்ளை வைக்கிற ஒருவருக்கு, தான் முழுப் பலனையும் காண முடியாத நிலத்தில் தோட்டம் போடு என்கிற அந்த வார்த்தை, அட்டையில் அச்சடித்த ஒற்றை வரியைவிட எவ்வளவோ பெரியது என்பதை அவரே அடுத்த வாரம் வகுப்பில் சொன்னார்.

ஆகவே ஒரு வசனத்தை வாயில் எடுக்கும் முன், இதைப் பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலைமையில் பேசுகிறார், அடுத்து என்ன நடக்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பழகுங்கள். யோபு புத்தகத்தில் ஒவ்வொரு அதிகாரத்தின் தலையிலும் பேசுகிறவரின் பெயரை எழுதி வைத்துவிட்டாலே பாதி ஆபத்து நீங்கும். துக்க வீட்டுக்குப் போவதானால் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தச் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் நாம் பின்பற்றத் தக்கது அதுதான்.

யூடியூப் பிரசங்கத்தை உரைநூலாகக் கொள்வது

முதலில் வேதப்பகுதியை நீங்களே மூன்று முறை வாசியுங்கள். பிரசங்கத்தைப் பிறகு கேட்கலாம்.

பயிர்க் காலத்தை மறந்து வகுப்பைத் தொடங்குவது

இது நடத்துகிறவர்களுக்கு. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை வேலை மும்முரமாக இருக்கும். அதைத் தொடர்ந்து சம்பா நடவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையில் பாதை துண்டிக்கப்படும். தை, மாசியில் அறுப்பு. பள்ளிக்கூடத்தைப் போல ஜூனில் தொடங்கி மார்ச்சில் தேர்வு வைத்தால், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்; அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று பழியும் போடுவோம். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்தும் பயறும் வயலில் கிடக்கும் மாதங்களில் தொடங்குவது நல்லது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலமும் பெரும்பாலும் அதில்தான் வரும். மாலைக் கூட்டங்கள் இருக்கின்றனவே என்று வகுப்பை நிறுத்தாமல், இயேசுவின் பாடுகளின் சரித்திரத்தையே பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழைக் குருப்பட்டமாக எண்ணுவது

சான்றிதழ் கைக்கு வந்த மறு மாதமே பெயருக்கு முன்னால் பாஸ்டர் என்று போட்டுப் பதாகை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தரங்கம்பாடியின் கதையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1706இல் கரையிறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். அது முழுமையாக அச்சேறியது 1715இல். தஞ்சை அரசரின் படையில் இருந்த இராஜநாயக்கன், அங்கே அச்சான வேதப்பகுதிகளைப் படித்தே மனம் மாறி, பிறகு உபதேசியார் ஆனார். வயது வந்தபின் வேதத்தைக் கற்று ஊழியம் செய்த நம் பகுதி மனிதர்களில் அவர் முன்னோடி. 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராக உழைத்து, 1733இல்தான் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்தது ஊழியம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வகுப்பில் படித்தவர் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கலாம், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதப்பகுதியை விளக்கலாம், முதியோர்க்கு வாசித்துக் காட்டலாம். இவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை.

காசு கொடுத்துக் கௌரவ டாக்டர் பட்டம் பெறுவது

கூடவே கூடாது.

நோயாளியின் கட்டிலருகே பிரசங்கம் செய்வது

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைபோன்ற பெரிய இடங்களில் ஒரு பொது வார்டில் பல மதத்தவரும் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். நாகூருக்கு நேர்ந்துகொண்டவர் ஒரு கட்டிலில் இருப்பார், வைத்தீஸ்வரன் கோயில் திருநீறு பூசியவர் அடுத்த கட்டிலில் இருப்பார். அங்கே குரலை உயர்த்தி ஜெபிப்பது நோயாளிக்கும் தொல்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை. செவிலியரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடமே கேளுங்கள். உடன் இருப்பவர் தலையாட்டினால் மட்டும் போதாது. ஒரு சங்கீதத்திலிருந்து நான்கைந்து வசனங்களைத் தாழ்ந்த குரலில் வாசித்து, இரண்டு நிமிட ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நோயின் காரணத்தை விளக்க முயலாதீர்கள். பில்தாத் செய்தது அதைத்தான். துணைக்கு இருப்பவர் காலையிலிருந்து சாப்பிட்டாரா என்று விசாரித்து, நீங்கள் கட்டிலருகே இருக்கும் நேரத்தில் அவரைக் கீழே அனுப்பி டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மறுபடியும் வரலாமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள்.