சோற்றை நிறுத்துமுன் குளிசையைக் கவனியுங்கள்: இறைச்சி உணவில் இறங்குவோர் செய்யும் தவறுகள்

சோறு, பாண், இடியப்பம், பழம் எல்லாவற்றையும் விட்டு, இறைச்சியும் மீனும் முட்டையுமாக வாழ்ந்து நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருப்பவன் நான். இதைப் பற்றிக் கேட்க வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருபவர்கள் குறைவதில்லை. கிளினிக்கில் இன்சுலின் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அல்லது கனடாவிலிருக்கும் மகன் ஒரு காணொளி அனுப்பியிருப்பார். மறுநாளே இரண்டு கிலோ ஆட்டிறைச்சியை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடைத்துவிட்டு, அதன் பிறகுதான் என்னிடம் வருவார்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டவை.

களவாகப் பாண் தின்பது, பிளேன்டீக்குச் சீனி போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறென்று செய்பவருக்கே தெரியும். தவறென்றே தெரியாமல், நல்லது செய்வதாக நம்பிச் செய்பவைதான் ஆபத்தானவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இறைச்சி மட்டும் என்ற எல்லை வரை போனவர்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இல்லை. ஆகவே இதில் இறங்குபவர் வைத்தியரையும் இரத்தப் பரிசோதனையையும் கைவிடவே கூடாது.

குளிசையை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்துவது

மற்றத் தவறுகள் பணத்தையோ வயிற்றையோ கெடுக்கும். இது ஆளையே கொண்டுபோய்விடும்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். காலையும் மாலையும் கிளிக்லசைட் குளிசை, இரவில் இன்சுலின் ஊசி. ஒரு திங்கட்கிழமை சோற்றையும் இடியப்பத்தையும் ஒரேயடியாக நிறுத்தினார். மருந்தை மட்டும் கொப்பியில் எழுதியிருந்தபடியே, ஒரு வேளை தவறாமல் எடுத்தார். மருந்து தவறவிடாத மனிதர் என்று கிளினிக்கில் அவருக்கு நல்ல பெயர். புதன்கிழமை இரவு மூன்று மணிக்கு அவருடைய மனைவி விழித்துப் பார்த்தபோது படுக்கை விரிப்பு வியர்வையில் நனைந்திருந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. இரத்தச் சீனி பார்க்கும் மீட்டர் 41 (mg/dL) காட்டியது. மனைவி அவசரமாகக் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்தார். அதைக் கையால் தட்டிவிட்டு, “சீனி தொடமாட்டேன்” என்று மட்டும் தெளிவாகச் சொன்னார். பிறகு தட்டுத்தடுமாறிச் சமையலறைக்குப் போய், சட்டியில் மிஞ்சியிருந்த பொரித்த இறைச்சித் துண்டொன்றை எடுத்து மெல்லத் தொடங்கினார்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்து, நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அவருக்கு நினைவு திரும்பியது. உடனே வீட்டுக்கும் அனுப்பவில்லை. கிளிக்லசைட் போன்ற குளிசை உடலில் நெடுநேரம் வேலை செய்வதால், ஏற்றிய சீனி மறுபடியும் இறங்கக்கூடும். அதனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்.

இந்த உணவு முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை. எந்த இறைச்சியை வாங்குவது, எப்படிப் பொரிப்பது, காலையில் எத்தனை முட்டை என்பதெல்லாம் அவர் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். “நீங்கள் என்ன குளிசை எடுக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைக் கேட்காத எவருக்கும் நீரிழிவுக்காரருக்கு உணவு யோசனை சொல்லும் தகுதி கிடையாது.

நடப்பது இதுதான். கிளிக்லசைட், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் ஆகிய குளிசைகள் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வெளியிலிருந்து போடும் இன்சுலினும் அப்படித்தான். நம் கிளினிக்குகளில் பலருக்குக் கொடுக்கும் 30/70 கலப்பு இன்சுலினில் ஒரு பகுதி சாப்பாட்டுக்கென்றே கணக்கிடப்பட்டது. அந்தச் சாப்பாடு வராவிட்டால் அது இருக்கிற சீனியை இழுத்துவிடும்.

இறைச்சி உணவால் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் யோசனை இன்று பிறந்ததல்ல. ஜோன் ரோலோ என்ற பிரித்தானிய இராணுவ மருத்துவர் 1797 இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய நோயாளிக்கு இன்சுலின் குறித்த பயம் இருக்கவில்லை, ஏனென்றால் இன்சுலினே இருக்கவில்லை. ஒரு நோயாளிக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றியது 1922 ஜனவரியில், தொராண்டோவில். குளிசைகள் வந்தது 1950களில். மருந்தே இல்லாத காலத்து உணவை, மருந்து ஊறிய உடம்போடு நாம் தொடங்குகிறோம். அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் முதல் வாரத்திலேயே விழ வேண்டியதுதான்.

மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இவை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் குளிசைகள். மாவுச்சத்து இல்லாத உணவோடு இவை சேர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கொடுமை என்னவென்றால், அப்போது மீட்டரில் சீனி பெரிதாக ஏறியிருக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015 இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் “உடம்பு புது உணவுக்குப் பழகுகிறது” என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். மீட்டர் என்ன காட்டினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எடுக்கும் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆகவே இறைச்சிக் கடைக்குப் போகுமுன் வைத்தியரிடம் போங்கள். ஏசுவார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். ஏசட்டும். எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோய் மேசையில் வைத்து, “மாவுச்சத்தை நிறுத்தப் போகிறேன், எதை எவ்வளவு குறைக்க வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். கிளினிக் திகதி ஒரு மாதம் தள்ளியிருந்தால் அந்த ஒரு மாதமும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். இத்தனை வருடம் சாப்பிட்ட சோறு, இன்னும் ஒரு மாதத்தில் புதிதாக எதையும் கெடுத்துவிடாது.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. “இனி மருந்தே வேண்டாம்” என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் குப்பையில் போடுகிறார்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. என்ன சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும், அவருக்கு இன்சுலின் வேண்டும்.

மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் அது உடனே சரிசெய்ய வேண்டிய தாழ்ந்த சீனி. அந்த நேரத்தில் உணவு முறை பற்றிய பேச்சுக்கு இடமில்லை. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. இறைச்சியிலுள்ள புரதம் சீனியாக மாற மணிக்கணக்கில் ஆகும், கொழுப்பு அதை இன்னும் தாமதமாக்கும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 ஐ அழையுங்கள். இன்சுலினோ கிளிக்லசைட் வகைக் குளிசையோ எடுப்பவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் படி இறங்கக் கூடாது. காலி வீதியில், நெரிசலான 100 ஆம் இலக்க பஸ்ஸில், கம்பியைப் பிடித்த கை நடுங்கத் தொடங்கிய பிறகு கடை தேட முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், முக்கியமாக நீங்கள் மறுத்தாலும் கொடுக்க வேண்டும் என்பதை.

வெள்ளிக்கிழமைக்குத் திட்டம் இல்லாமை

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாள். இதை யோசிக்காமல் தொடங்குபவர்கள் வியாழன் வரை இறைச்சியில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து வாழை இலையில் சோறும் பருப்பும் பாயாசமும் சாப்பிடுகிறார்கள். மாவுச்சத்தையே காணாதிருந்த உடம்பு திடீரென வரும் சோற்றை முன்பைவிட மோசமாகக் கையாளும். குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனைக்குப் போகுமுன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்துச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். மருந்தையும் குறைத்திருப்பதால் அன்று மாலை மீட்டர் 300ஐத் தாண்டலாம். அதைக் கண்டு பழைய அளவு மருந்தைத் தானாகவே எடுத்து, சனிக்கிழமை மறுபடி இறைச்சிக்குத் திரும்புபவர் கொட்டாஞ்சேனை நண்பரின் நிலைக்குத்தான் வருவார்.

விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்கும் வீடென்றால் சிக்கல் இல்லை. சேர்க்காத வீடென்றால் பனீர், வெண்ணெய், நெய், கொஞ்சம் கீரை என்று மாவுச்சத்து குறைந்த சைவ உணவாக அன்றைய நாளைக் கடக்கலாம். ‘இறைச்சி மட்டும்’ என்ற விதி அன்று உடையும், உடையட்டும். ஆறு நாளும் உண்ணாமல் இருப்பவர் மருந்து பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

கொழுப்பை வெட்டி எறிவது

சுப்பர்மார்க்கட்டில் தோல் நீக்கிய கோழி நெஞ்சை வாங்கி, அதையும் எண்ணெய் இல்லாமல் அவித்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு வாரத்தில் குமட்டலும் வயிற்றோட்டமும் சோர்வும் வந்து, இறைச்சி ஒத்துவரவில்லை என்கிறார்கள். ஒத்துவராதது இறைச்சி அல்ல. 1928 இல் வடதுருவப் பயணி ஸ்டெபான்சன் நியூயோர்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சி மட்டும் உண்டார். கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தபோது சில நாட்களிலேயே அவருக்கும் இதே குமட்டலும் வயிற்றோட்டமும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். ஓராண்டு அந்த உணவில் இருந்த அவருக்குச் சக்தியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்தே கிடைத்தது. கோழியைத் தோலோடு வாங்குங்கள், இறைச்சிக் கடையில் கொழுப்பைச் சீவ விடாதீர்கள், ஆட்டிறைச்சி கட்டுப்படியாகாவிட்டால் முட்டையும் சாளை மீனும் போதும்.

சொசேஜ்

அது இறைச்சி அல்ல. பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டெவல் கோழி

சீனி, தக்காளி சோஸ், சோளமா.

போயா

போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடை பூட்டு. முதல் நாளே வாங்குங்கள்.

காலைச் சீனியைக் கண்டு கலங்குவது

இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் 125 காட்டுகிறது, மதியம் 95. விடியற்காலையில் சுரக்கும் ஹோர்மோன்களால் ஈரல் சீனியை வெளியே விடுகிறது, இறைச்சி உண்பவருக்கு அது கடைசியாகத்தான் இறங்கும். ஒரு காலை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும், பெரிய இறைச்சிச் சாப்பாடென்றால் நான்கு மணி நேரம் கழித்தும் பாருங்கள். மூன்று மாதச் சராசரியை எச்.பி.ஏ.1சி என்ற இரத்தப் பரிசோதனை சொல்லும்.

உப்பை மறப்பது

இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகம் வெளியேற்றும். முதல் வாரத் தலையிடிக்கும் கால் பிடிப்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உப்பிட்ட எலும்புச் சூப் உதவும். ஆனால் இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவருக்கு எழும்பி நிற்கும்போது தலை சுற்றினால், குறைக்க வேண்டியது குளிசையாகவும் இருக்கலாம். இதய பலவீனம் உள்ளவர் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

பரிசோதனை இல்லாமல் தொடங்குவது

தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், சிறுநீரில் அல்புமின், அவற்றோடு யூரிக் அமிலம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து வையுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் இந்த உணவு உங்களுக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இல்லை. கண்ணையும் காட்டுங்கள்: நீண்ட நாள் உயர்ந்திருந்த சீனி வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகும். மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் கொடுங்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சிலருக்கு நன்றாக ஏறும். “இறைச்சி உண்பவருக்கு அது பரவாயில்லை” என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பி கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசையை நிறுத்தாதீர்கள். வைத்தியரிடம் காட்டி, தேவையானால் வெண்ணெயையும் மாட்டுக் கொழுப்பையும் குறைத்து மீனைக் கூட்டி, இன்னும் மூன்று மாதத்தில் திரும்பவும் பாருங்கள்.